பதிவேடு பொது என்றால் கேள்வியும் பொதுவாக வேண்டும்

'பொது' என்று தாளில் எழுதிவைப்பது எளிது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அரசுப் பணத்தில் கட்டி நடத்தப்படும் கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்றது அது. 1924இல் மகத் நகராட்சி, தன் சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்திருப்பதாக இன்னொரு தீர்மானம் போட்டது. தாளில் குளம் பொதுவாகிவிட்டது. ஆனால் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தினார். அந்தப் 'பொது'வுக்குக் குறுக்கே நிற்பது யார் என்பது அன்றைக்குத்தான் நாட்டுக்கே வெளிச்சமானது.

குளத்தையும் கணினித் தரவையும் நான் ஒன்றாக்கவில்லை. தாகமும் அவமானமும் வேறு, தகவல் வேறு. ஆனால் மகத் நமக்கு ஒரு அளவுகோலைத் தந்திருக்கிறது. ஒன்று பொதுவா இல்லையா என்பதைத் தீர்மானத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. யார் போய் அள்ள முடிகிறது என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த அளவுகோலை அரசின் பதிவேடுகள் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். இங்கே நான் எடுத்துக்கொள்வது நிறுவனப் பதிவேட்டை.

ஏன் நிறுவனப் பதிவேடு? நம் தெருவில் குப்பை அள்ளும் ஒப்பந்தம், மருத்துவமனையைத் துடைக்கும் ஒப்பந்தம், சாக்கடைப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இன்று ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. வேலை செய்பவர் யார் என்று நமக்குத் தெரியும். அவர் எந்தச் சாதி என்பதும் ஊருக்கே தெரியும். லாபத்தை எடுப்பவர் யார் என்பதுதான் தெரியாது. அந்தப் பெயர் இருக்கும் இடம் நிறுவனப் பதிவேடு.

கேள்விக்குறிக்குப் பின்னால்

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பல நாட்டுப் பதிவேடுகளின் ஏபிஐகளோடு வேலை செய்திருக்கிறேன். ஏபிஐ என்பது ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கேள்வி கேட்கும் வாசல். உலாவியின் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். முகவரி முடிந்ததும் ஒரு '?' வரும். அதற்குப் பிறகு 'இது = அது' என்ற வடிவில் சில சோடிகள் வரும். ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் நடுவில் '&' இருக்கும். இந்தச் சோடிகளைத்தான் குவெரி பாராமீட்டர் என்கிறோம். தமிழில் வினவல் அளவுரு. எந்த அலமாரி என்பதை முகவரி சொல்கிறது. அந்த அலமாரியிலிருந்து எதை எடுத்துத் தா என்பதை அளவுரு சொல்கிறது.

இதில் அரசியல் எங்கே வருகிறது? என்னென்ன அளவுருக்கள் உண்டு என்பதை நாம் முடிவுசெய்வதில்லை, பதிவேட்டைக் கட்டியவர்கள் முடிவுசெய்கிறார்கள். 'ஊர்' என்ற அளவுரு இருந்தால் ஊர்வாரியாகக் கேட்கலாம். 'உரிமையாளர்' என்ற அளவுரு இல்லையென்றால், உரிமையாளர் பெயர் உள்ளே பத்திரமாக இருந்தாலும் அதைச் சொல்லிக் கேட்க முடியாது.

நடைமுறையில் இருக்கும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டனின் கம்பனீஸ் ஹவுஸ். 50 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. 2015 ஜூன் முதல் அதன் கணினித் தரவு முழுவதும் இலவசம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒரு கணக்குத் தொடங்கி ஏபிஐ சாவி வாங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு 600 கேள்விகள் என்பது வரம்பு. அதைத் தாண்டினால் 429 என்ற பிழை எண் வரும், கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும். சாவியைப் பயனர்பெயர் இருக்கும் இடத்தில் கொடுத்து, கடவுச்சொல்லைக் காலியாக விட வேண்டும். அந்தச் சாவியைப் பொதுவில் ஏற்றும் நிரலுக்குள் எழுதிவைக்கக் கூடாது.

எளிய தேடலுக்கு 'க்யூ' என்ற ஒற்றை எழுத்து அளவுரு போதும். அதற்கு நேராக ஒரு பெயரைத் தந்தால், பொருத்தமாகத் தோன்றும் நிறுவனங்களை வரிசையாகத் தரும். பெயரில் இடைவெளி இருந்தால் அதைக் குறிமாற்றி அனுப்ப வேண்டும். பெயருக்குள்ளேயே '&' இருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்படியே அனுப்பினால், அடுத்த அளவுரு தொடங்கிவிட்டது என்று கணினி நினைத்துக்கொள்ளும். பெயரின் முதல் பாதியை மட்டும் தேடிவிட்டு, 'ஒன்றும் இல்லை' என்றோ வேறெதையோ சொல்லும். '&' இருக்கும் இடத்தில் '%26' என்று எழுத வேண்டும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதைச் செய்துதரும் கருவி உண்டு. முகவரியைக் கையால் ஒட்டாமல் அந்தக் கருவியிடம் விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது விஷயம் பக்கங்கள். பதில் முழுவதும் ஒரே தடவையில் வராது, முதல் பக்கம் மட்டுமே வரும். மொத்தம் எத்தனை கிடைத்தன என்ற எண்ணும் பதிலோடு சேர்ந்தே வரும். அதைப் பார்க்காமல் முதல் பக்கத்தை வைத்து 'இவ்வளவுதான்' என்று எழுதக் கூடாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை, எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்ல இரண்டு அளவுருக்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் கடைசிவரை போக வேண்டும்.

உண்மையான வலு விரிவான தேடலில் இருக்கிறது. பெயரில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது, எந்த ஊர், எந்த நாளுக்கும் எந்த நாளுக்கும் இடையில் பதிவானது, இயங்குகிறதா கலைக்கப்பட்டதா, என்ன தொழில் என்று தனித்தனி அளவுருக்கள் அங்கே உண்டு. ஒரே கேள்வியில் 5,000 முடிவுகள் வரை கேட்கலாம். தொழிலுக்கு ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. 37000 என்றால் கழிவுநீர்ப் பணி. 38110 என்றால் அபாயமற்ற குப்பை சேகரிப்பு. 78200 என்றால் தற்காலிகமாக ஆள் அனுப்பும் வேலை. 'இந்த ஊரில், இந்த ஆண்டுக்குப் பிறகு தொடங்கி, இன்றும் இயங்கும் கழிவுநீர் நிறுவனங்கள் எவை?' என்ற கேள்வியை ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

அடுத்த படி ஆட்கள். இயக்குநர்களைப் பெயர் சொல்லித் தேட அங்கே தனி வாசல் உண்டு. ஒருவர் கிடைத்தால் அவர் எந்தெந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற பட்டியலும் கிடைக்கும். 2016 முதல் இன்னொரு பதிவும் இருக்கிறது. பங்கிலோ வாக்கிலோ 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர், அல்லது வேறு வழியில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதை நிறுவனம் அறிவிக்க வேண்டும். கூலி பாக்கி வைத்து ஒரு நிறுவனத்தைக் கலைத்துவிட்டு, அதே ஆட்கள் வேறு பெயரில் மறுநாள் கடை திறக்கும் தந்திரம் உலகம் முழுக்க உண்டு. கலைக்கப்பட்ட நிறுவனத்தின் இயக்குநரைப் பிடித்து அவருடைய மற்ற நிறுவனங்களைக் கேட்டால், அந்தத் தந்திரத்தின் தடம் தெரிந்துவிடும்.

இது யாருக்கு உதவும்?

'பிரிட்டனின் பதிவேடு நமக்கு எதற்கு?' என்று கேட்கலாம். 2022 பிப்ரவரியில் பிரிட்டன், முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கு வேலை விசா வழியைத் திறந்தது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் முகவர்களிடம் பணம் கட்டிப் போனவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அங்கே அவர்களுக்கு விசா ஆதரவு தரும் நிறுவனங்களின் நிலை என்ன? 2024இல் எல்லை, குடிவரவுத் துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை ஒன்றைப் பாருங்கள். இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 ஆதரவுச் சான்றுகள் கொடுக்கப்பட்டிருந்தன. உரிமம் வாங்கும்போது நான்கே ஊழியர்கள் இருப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 1,234 சான்றுகள் போயிருந்தன.

2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் வழி மூடப்பட்டது. ஏற்கெனவே போனவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், வழக்கமாக 60 நாளுக்குள் வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்த அவசரத்தை விற்றுக் காசாக்க இன்னொரு முகவர் காத்திருப்பார். அப்போது ஒரு தங்கையோ தம்பியோ பதிவேட்டைப் பார்த்துச் சில கேள்விகளைக் கேட்க முடிய வேண்டும். இந்த நிறுவனம் எப்போது பதிவானது? பராமரிப்புத் தொழில் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறதா? இயக்குநர் இதற்கு முன் எத்தனை நிறுவனங்களைக் கலைத்திருக்கிறார்? ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறதா? பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும் கேள்விகள் இவை.

பதிவேட்டில் பெயர் இருப்பதே ஒரு நிறுவனம் நேர்மையானது என்பதற்குச் சான்று ஆகாது. தொழில் குறியீட்டை நிறுவனமே எழுதித் தருகிறது. கம்பனீஸ் ஹவுஸ் நெடுங்காலம் தன்னிடம் வந்ததைச் சரிபார்க்காமல் அப்படியே பதிந்துகொண்டது. 2023இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகுதான் சந்தேகத்துக்குரிய தாக்கலைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிப்பது 2025 நவம்பரில்தான் கட்டாயமானது. எனவே பதிவேட்டின் பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த கேள்விக்கான துப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பதிவுப் படிவம் 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டம் போடுகிறது. நாமோ தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிற்பவர்கள். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர் ஆக்குகிறார். அதே மனிதர் இன்னொரு நிறுவனத்தில் தன் பெயரை அங்கே போட்டுவிடுகிறார். ஆங்கிலத்தில் 'செல்வம்' என்பதையும் 'தங்கராசு' என்பதையும் எத்தனை விதமாக எழுதலாம் என்பது உங்களுக்கே தெரியும். ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பதிவேட்டில் உலவுவார். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு பேர் ஒரே ஆளாகவும் தோன்றுவார்கள். பிறந்த மாதமும் ஆண்டும் பொதுவில் இருப்பதால் அவற்றை ஒப்பிட்டுப் பிரிக்க வேண்டும். பெயர் ஒன்று என்பதற்காக மட்டும் ஒருவர் மீது குற்றம் சாட்டக் கூடாது.

நம் ஊர்ப் பதிவேடு

இப்போது இங்கே வருவோம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் 90ஆவது பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் உண்மையான பயனாளி உரிமையாளரை அறிவிக்கச் சொல்லும் பிரிவு அது. அதற்கான வரம்பு 10 விழுக்காடு. பிரிட்டனில் 25க்கு மேல், இங்கே 10. சட்டப் புத்தகத்தில் நம் நாடுதான் கண்டிப்பானது. அதே சட்டத்தின் 399ஆவது பிரிவு, பதிவாளரிடம் உள்ள ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கணினி வழியாகப் பார்வையிடலாம் என்கிறது. மகத் நகராட்சியின் தீர்மானம் போலவே கேட்கவே இனிமையாக இருக்கிறது.

குளத்தருகே போய்ப் பார்த்தால் என்ன நடக்கிறது? ஒரு நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு 100 என்பது சிறிய தொகைதான். ஆனால் ஒரு மாநகராட்சியின் துப்புரவு ஒப்பந்தக்காரர்கள் யார் என்று ஆராயும் தொழிற்சங்கத்துக்கு 200 நிறுவனங்களைப் பார்க்க 20,000 ரூபாய் ஆகும். அதையும் ஒவ்வொரு நிறுவனமாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் நிறுவன அடிப்படைத் தரவு இருக்கிறது, அதற்கு ஏபிஐயும் இருக்கிறது. சாவி, வடிவம், எங்கிருந்து, எத்தனை, எந்தப் புலத்தால் வடிகட்டுவது என்று அளவுருக்களும் தந்திருக்கிறார்கள். மாதிரிச் சாவியை வைத்துக் கேட்டால் ஒரு தடவைக்குப் பத்துப் பதிவுகள் கிடைக்கும்; சொந்தச் சாவி வாங்கினால் கூடுதலாகக் கேட்கலாம். நிறுவனத்தின் பெயர், அடையாள எண், பதிவான நாள், மாநிலம், மூலதனம், முகவரி எல்லாம் வரும். இயக்குநர்களின் பெயர் அந்தத் தரவில் இல்லை. பயனாளி உரிமையாளரின் பெயரும் இல்லை. 'தமிழ்நாட்டில் எத்தனை நிறுவனங்கள்?' என்று அங்கே கேட்கலாம். 'இந்த ஆளிடம் எத்தனை நிறுவனங்கள்?' என்று கேட்க முடியாது.

நிறுவன அடையாள எண்ணையே ஒரு சிறு பதிவேடாகப் படிக்கலாம் என்பதை நம் தோழர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதில் 21 எழுத்தும் எண்ணும் இருக்கும். முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில். பிறகு இரண்டு எழுத்து மாநிலம், நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, மூன்று எழுத்து நிறுவன வகை, கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். ஒரு ஒப்பந்த அறிவிப்பில் இந்த எண் கிடைத்தால், அந்த நிறுவனம் எந்த ஆண்டு பிறந்தது, எந்தத் தொழிலுக்கென்று பிறந்தது என்பதைக் காசு செலவில்லாமல் படித்துவிடலாம்.

'தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன?' என்று தோன்றும். அந்தக் கதவையும் 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் சாத்தியது. நிறுவனச் சட்டத்தின் கீழ் கட்டணம் கட்டிப் பார்க்க வழி இருக்கும்போது, அதே ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. நாட்டின் முதல் மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தை 1997இலேயே இயற்றிய தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கக் கசப்பாக இருக்கிறது. வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு தடையே இல்லை. இதே தகவலைத் தொகுத்து, பெயர்வாரியாகத் தேடும்படி செய்து, சந்தா வாங்கிக்கொண்டு தரும் தனியார் தளங்கள் இருக்கின்றன. வங்கிக்கும் முதலீட்டாளருக்கும் கேள்வி கேட்கும் வசதி உண்டு. துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு இல்லை.

இங்கே உயிர் இருக்கிறது

மலம் அள்ளும் தொழிலில் ஆட்களை ஈடுபடுத்தத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தனிநபரோ உள்ளாட்சியோ முகமையோ, யாரும் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் நாம் கேட்கும் வசனம் ஒன்றுதான்: 'அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்.' ஒப்பந்தக்காரரைக் கேட்டால் 'துணை ஒப்பந்தம் கொடுத்தோம்' என்பார். சாதி, செத்தவரின் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொறுப்பு மட்டும் ஒவ்வொரு தாளாக நழுவி நழுவிக் காணாமல் போகிறது.

அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கும் துணை ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கும் ஒரே இயக்குநரா? விபத்துக்குப் பிறகு கறுப்புப் பட்டியலில் போன நிறுவனத்தின் ஆட்களே இன்னொரு பெயரில் அடுத்த மாவட்டத்தில் ஒப்பந்தம் எடுத்தார்களா? இவையெல்லாம் குவெரி பாராமீட்டரில் அடங்கும் கேள்விகள். கேட்க முடிந்தால் வழக்கறிஞரின் கைக்கு ஆதாரம் போகும். கேட்க முடியாவிட்டால் 'ஒப்பந்தக்காரர்' என்ற முகமில்லாத சொல்லோடு செய்தி முடிந்துவிடும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. சிறு ஒப்பந்தக்காரர்களில் பலர் நிறுவனமாகவே பதிவதில்லை. தனி உரிமையாளருக்குப் பதிவாளர் என்று ஒருவர் கிடையாது. கூட்டாண்மை என்றால் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், கட்டாயம் இல்லை. அந்தப் பதிவும் நிறுவனப் பதிவேட்டில் வராது. ஆகவே தேடலுக்கு 'பூஜ்யம்' என்று பதில் வந்தால் 'ஆள் இல்லை' என்று பொருள் அல்ல, 'இந்தப் புத்தகத்தில் இல்லை' என்றுதான் பொருள். எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குள் யார் வரவே மாட்டார்கள் என்பது.

பெயரை வைத்துச் சாதியைத் தேடலாமா?

இளைய தோழர்கள் சிலர் என்னிடம் ஆர்வமாகக் கேட்பதுண்டு. ஏபிஐ கையில் இருந்தால் சாதிப் பட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடி, முதலாளிகள் எந்தச் சாதி என்று எண்ணிவிடலாமே என்று. அந்த ஆர்வத்துக்குக் காரணம் உண்டு. 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பெயர்களை வைத்துப் பகுத்தார்கள். சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 3.8 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. 'தகுதி, திறமை' என்று பேசுபவர்களின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டிய எண்கள் இவை.

ஆனாலும் தனி மனிதரின் பெயரைத் தட்டிப் பார்த்து அவர் சாதியை ஊகிக்கும் பழக்கத்தை நாம் வளர்க்கக் கூடாது என்றே நினைக்கிறேன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கும் தீர்மானம் நிறைவேறியது. அதன் பயனைத்தான் நாம் இன்று அனுபவிக்கிறோம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிவதில்லை. தெரிந்துகொள்ளத் துடிப்பவர்தான் 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்று சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுற்றி வளைக்கும் வேலையை நிரலாக எழுதித் தர நமக்கு என்ன அவசியம்? அது கணக்கும் ஆகாது. பட்டத்தை விட்டவர் கணக்கில் வரமாட்டார், ஒரே பட்டத்தைப் பல சாதிகள் போடும், மதம் மாறியவர் பெயர் வேறாக இருக்கும்.

கணக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை நிறுவனமே தர வேண்டும். குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று நிறுவனச் சட்டம் சொல்கிறது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்கள் செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கையில் இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை என்ற கட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை என்ற கட்டம் இல்லை. ஆட்களின் பெயரைச் சொல்லாமல் மொத்த எண்ணிக்கையைச் சொன்னால் போதும். அந்தக் கட்டத்தைப் போடச் சொல்லிப் போராடுவது நம் வேலை.

'தனியுரிமை' என்பவர்களுக்கு

இயக்குநர் பெயரைத் திறந்துவிட்டால் தனியுரிமை போய்விடாதா என்று கேட்பார்கள். தனியுரிமை நமக்கும் வேண்டும். காதலித்து மணந்தவர்களின் முகவரியைத் தேடி அரிவாளோடு வரும் நாட்டில், முகவரி எவ்வளவு ஆபத்தானது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்கும் வழி இருக்கிறது. பிரிட்டனில் இயக்குநரின் பிறந்த நாள் பொதுவில் இல்லை, மாதமும் ஆண்டும் மட்டுமே. வீட்டு முகவரி இல்லை, தொடர்புக்கென்று தரும் முகவரி மட்டுமே. அச்சுறுத்தல் இருப்பவர் தன் விவரத்தை மறைக்க விண்ணப்பிக்கலாம். ஒரு நிறுவனம் தொடங்குபவர், கடன் வந்தால் தன் சொந்தச் சொத்து தப்பும் என்ற பாதுகாப்பைச் சமூகத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அதற்கு ஈடாகத் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நியாயமான பேரம்.

மேலும், இந்த நாட்டில் யாருடைய தனியுரிமை மதிக்கப்படுகிறது? உதவித்தொகை வாங்கும் மாணவர் சாதிச் சான்றை எத்தனை மேசைகளில் நீட்டுகிறார்? நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல் ஊராட்சிச் சுவரிலேயே ஒட்டப்படுகிறது. வாங்குபவரின் பெயர் சுவரில் இருக்கலாம், ஒப்பந்தம் எடுப்பவரின் பெயர் மட்டும் அலமாரிக்குள் இருக்க வேண்டும் என்பது தனியுரிமை அல்ல, சலுகை.

புத்தகம் யார் கையில்?

நம் தாத்தாக்களின் காலத்தில் ஊரின் கணக்குப் புத்தகம் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. எந்த நிலம் யாருடையது, எது புறம்போக்கு, எது பஞ்சமி என்பது அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடமே இருந்த அந்தக் கிராம அலுவலர் முறை தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டது. இன்று பட்டாவை 'எங்கிருந்தும் எந்நேரமும்' பார்க்கலாம் என்று அரசுத் தளம் சொல்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் தந்தால் பட்டா வருகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 'இந்த வட்டத்தில் உள்ள பஞ்சமி நிலம் எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்க அங்கே கட்டம் கிடையாது. கர்ணம் போய்விட்டார். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்ற அவருடைய அதிகாரம், தளத்தை வடிவமைப்பவரின் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் நேரடியானவை. நிறுவன விவகார அமைச்சகம் இயக்குநர் பெயரையும் பயனாளி உரிமையாளர் பெயரையும், வீட்டு முகவரியை நீக்கிவிட்டு, இலவச ஏபிஐயில் தர வேண்டும். ஆள்வாரியாகத் தேடும் அளவுரு அதில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் உள்ளாட்சிகளும் தரும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் அறிவிப்பிலும், துணை ஒப்பந்தக்காரர் உட்பட எல்லோருடைய அடையாள எண்ணும் அச்சாக வேண்டும். துப்புரவு ஒப்பந்தம் எடுப்பவர் கூட்டாண்மையாக இருந்தாலும் தனி உரிமையாளராக இருந்தாலும், அவர் பெயர் தேடக்கூடிய ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். இயக்குநர் குழுவின் சமூகப் பின்னணியை மொத்த எண்ணிக்கையாக வெளியிடுவது கட்டாயமாக வேண்டும்.

நம்மில் எத்தனையோ பேர் முதல் தலைமுறைப் பொறியாளர்கள். பகலில் யாரோ ஒரு வங்கிக்காக இதே குவெரி பாராமீட்டர்களை எழுதுகிறோம். அந்தத் திறமையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைப் பக்கத்திலிருக்கும் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கொடுங்கள். திறந்திருக்கும் பதிவேடுகளில் தேடக் கற்றுக்கொடுங்கள். மூடியிருக்கும் பதிவேடுகளிடம் எந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலே நம் அடுத்த மனு.